ஆன்கியில் ஜப்பானிய வாக்கிய அட்டைகள்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

தனிச்சொல் அட்டைகளை விட்டு முழு வாக்கிய அட்டைகளுக்கு மாறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. முன்பக்கம் ஜப்பானியம், பின்பக்கம் பொருள் என்று எழுதிவைக்கும் அட்டைகளை இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் காட்டி நினைவில் நிறுத்தும் ஆன்கி, இன்றும் பார்வைக்கு வறண்ட செயலிதான். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. எந்த அட்டையை எப்போது மீண்டும் காட்டுவது என்று கணிக்கும், 2023இல் சேர்ந்த எஃப்.எஸ்.ஆர்.எஸ் முறையை இயக்கிய பிறகு மறுபார்வைச் சுமை குறைந்தது.

அதிகம் பயன்பட்ட அட்டை இது: “டென்ஷா கா ஒகுரெதெ இரு நொதெ, சுகொஷி ஒசொகு நரிமாஸ்.” ரயில் தாமதமாகியிருப்பதால் கொஞ்சம் நேரமாகும் என்று அலுவலகத்துக்குச் சொல்வது. தோக்கியோவில் வேலை பார்ப்பவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டிய வாக்கியம். ‘நொதெ’ நம் ‘ஆல்’ உருபின் வேலையை, அதே இடத்தில் நின்று செய்கிறது. சொல் வரிசையைக் கலைக்காமல் தமிழில் படித்துவிடலாம். பின்பக்கம் ஆங்கிலம் எழுதினால் இந்த வசதி போய்விடும்.

‘ஒகுரெதெ இரு’வில் இன்னும் சுவை. இந்த ‘தெ இரு’வைப் பாடநூல்கள் பெரும்பாலும் ‘செய்துகொண்டிருத்தல்’ என்றே தொடங்குகின்றன. ஆனால் ‘கிதெ இரு’ என்றால் ஆள் வந்துகொண்டிருக்கவில்லை, வந்திருக்கிறார். ‘தபெதெ மிரு’ சாப்பிட்டுப் பார்ப்பது, ‘தபெதெ ஷிமாவு’ சாப்பிட்டுவிடுவது. தமிழருக்கு இவற்றுக்குத் தனிப் பாடமே தேவையில்லை. தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ வாதிட்டதை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அந்த வழக்கு தீரும்வரை அட்டை எழுதக் காத்திருக்க வேண்டியதில்லை.

எழுவாயைக் காட்டும் ‘கா’, பேசுபொருளைக் காட்டும் ‘வா’ இரண்டின் வேறுபாட்டில் தமிழ் அவ்வளவாகக் கைகொடுக்காது. ‘டென்ஷா வா’ என்றால் ரயிலோ தாமதம், பஸ் ஒழுங்காக ஓடுகிறது என்ற சாயல் வரக்கூடும். ஒற்றை வாக்கியம் இதைக் கற்றுத்தராது. அதனால் அத்தகைய அட்டைகளில் அந்த வாக்கியம் எந்தக் கேள்விக்குப் பதிலோ அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இன்னொரு குறை: நாள்பட்டால் முதல் சொல்லைக் கண்டதுமே விடை வந்துவிடும், மீதியைக் கண் படிக்காது. அப்போது வாக்கியத்தில் ‘ரயில்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘விமானம்’ என்று போடுவேன். முன்பக்கத்தில் எழுத்தை நீக்கி ஒலியை மட்டும் வைப்பது இன்னும் நல்லது.

ததோயெபா தளம் வாக்கியங்களை இலவசமாக அள்ளித் தருகிறது. ஆனால் அதன் ஜப்பானியத் தொகுப்பில் கணிசமான பகுதி பேராசிரியர் தனகா மாணவர்களைக் கொண்டு திரட்டியது. பிழையும் செயற்கை நடையும் அதில் உண்டு. ஜப்பானியர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லாததை நான் சேர்ப்பதில்லை.

சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளைக் கையால் எழுத இந்த அட்டைகள் உதவுவதில்லை. அதற்குக் கட்டம் போட்ட நோட்டுதான்.