செர்னியாகோவும் ரும்கோவ்ஸ்கியும்: இரண்டு கெட்டோ தலைவர்கள்

நாஜிகள் போலந்தின் யூதர்களைக் கெட்டோக்களில், அதாவது நகரத்துக்குள் தனியே அடைக்கப்பட்ட பகுதிகளில், அடைத்து, நிர்வாகத்தை யூத மன்றங்களின் தலையில் கட்டினார்கள். வார்சாவில் அந்தப் பொறுப்பு பொறியாளர் ஆடம் செர்னியாகோவிடம் இருந்தது. லோட்ஸில், முன்பு அனாதை இல்லம் நடத்திய ஹயிம் ரும்கோவ்ஸ்கியிடம்.

1942 ஜூலை 22 அன்று வார்சாவில் நாடுகடத்தல் தொடங்கியது; அதாவது, மக்களை ரயிலில் ஏற்றி மரண முகாமுக்கு அனுப்புவது. அனாதைக் குழந்தைகளையாவது விட்டுவிடச் சொல்லி செர்னியாகோவ் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. மறுநாள் நாட்குறிப்பில், மணி மூன்று, நான்காயிரம் பேர் தயார், நான்கு மணிக்குள் ஒன்பதாயிரம் வேண்டுமாம் என்று எழுதினார். அன்றே சயனைடு விழுங்கினார். ரயில்கள் நிற்கவில்லை. மக்களை எச்சரிக்காமலே போய்விட்டார் என்று, பின்னாளில் கெட்டோ எழுச்சியில் போராடிய மாரெக் எடெல்மன் குறைப்பட்டார். அது நியாயமான குறைதான்.

ரும்கோவ்ஸ்கி வேறு ரகம். கெட்டோ நாணயத்தையே மக்கள் 'ரும்கி' என்றார்கள், அவ்வளவு அதிகாரம். ஆலைகளில் உழைத்தால் பிழைக்கலாம் என்று கணக்குப் போட்டார். 1942 செப்டம்பர் 4 அன்று கூட்டத்தின் முன் நின்று, நாடுகடத்தலுக்காகப் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தரச் சொல்லிப் பெற்றோரிடம் கேட்டார். சரி, லோட்ஸ் கெட்டோ 1944 ஆகஸ்ட் வரை நீடித்தது உண்மை; வார்சா கெட்டோ அதற்கு முந்தைய ஆண்டே அழிக்கப்பட்டிருந்தது. சோவியத் படை இன்னும் கொஞ்சம் முன்னேறியிருந்தால் அந்தக் கணக்கு பலித்திருக்கலாம் என்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் ஒட்டவில்லை; பிள்ளைகளைக் கேட்ட குரல் அவருடையது. கடைசியில் அவரும் ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்குத்தான் அனுப்பப்பட்டார்.