ஆப்பிள் விஷன் ப்ரோ: 3,499 டாலர் கொடுத்து யார் வாங்குவார்கள்?

விஷன் ப்ரோ என்பது கண்ணாடி மாதிரி முகத்தில் மாட்டிக்கொள்ளும் ஆப்பிளின் கணினி, கண்முன்னே இருக்கும் திரையில்தான் எல்லாம் தெரியும். அந்தத் திரையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 2.3 கோடி பிக்சல், ஒரு பட்டனைக் கண்ணால் பார்த்து இரண்டு விரலைச் சேர்த்தாலே அது அமுங்கிவிடும், கையில் கன்ட்ரோலர் எதுவும் வேண்டாம், உண்மையிலேயே அருமையான வேலை.

ஆனால் விலை? 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது 3,499 டாலர். இதே மாதிரி முகத்தில் மாட்டும் மெட்டா குவெஸ்ட் 3 அப்போது 499 டாலர்தான், அதாவது இந்த ஒன்றின் விலைக்கு அதில் ஏழு வாங்கலாம். எடையும் 600 கிராமுக்கு மேல், அதை முகம்தான் தாங்க வேண்டும். பேட்டரி தனியாக ஒயரில் தொங்கும், அதுவும் சுமார் இரண்டு மணி நேரம்தான்.

அப்புறம் ஆப் விஷயம். படம் பார்க்கத்தான் இது அருமை என்கிறோம், வந்த புதிதில் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் இரண்டுக்குமே ஆப் இல்லை! வாங்கியவர்கள் குறைவு என்பதால் ஆப் செய்பவர்கள் தயங்குகிறார்கள், ஆப் குறைவு என்பதால் வாங்குபவர்கள் தயங்குகிறார்கள், இந்த முடிச்சு அவிழாமல் விற்பனை ஏறாது. 2025 அக்டோபரில் எம்5 சிப் போட்டுப் புதுப்பித்தார்கள், சரி, வேகம் கூடியது, விலை அப்படியே நிற்கிறது.

பயிற்சிக்கும் வடிவமைப்புக்கும் நிறுவனங்கள் வாங்கட்டும். வீட்டுக்கு என்றால், பாதி விலைக்கு இறங்கும்வரை பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.