சாளைக்கு எந்த ஊர்? மூன்று மரபணுக் கருவிகளும் ஒரு மீன் பெட்டியும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் மதுரைச் சந்தைக்குக் கேரளத்துச் சாளை நிறைய வரும். அங்கே தடை ஜூனில்தான் தொடங்கி ஜூலை 31 வரை நீளும். இரு கரைச் சாளையும் ஒரே கூட்டமா, வெவ்வேறா? ஒன்று என்றால் இங்கே அள்ளியதை அங்கிருந்து வரும் மீன் ஈடுகட்டும். வேறு என்றால் ஈடுகட்டாது. இதைத்தான் என் மாணவி ஒருத்தி முதுகலை ஆய்வுக்கு எடுத்தாள். எந்தக் கருவி என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு.

அவள் விரும்பியது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்புக்குள் இருக்கும் தனி டிஎன்ஏ. செலவு குறைவு, கல்லூரி ஆய்வகத்துக்குப் பழகிய வேலை. ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டே போதும், நாம் சாளை என்று வாங்கும் நெய்ச்சாளையா அதன் பங்காளி இனமா என்று பெரும்பாலும் சொல்லிவிடும். ஆனால் அது தாய்வழியில் மட்டும், முழுதாக ஒரே கட்டாக இறங்குவது. இனத்தைப் பிரிக்கலாம், கூட்டத்தைப் பிரிக்க ஒற்றைச் சாட்சி போதாது.

மைக்ரோசாட்டிலைட் என்பது டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் குட்டி எழுத்துத் தொடர். அது தாய், தந்தை இருவரையும் காட்டும். எனக்கு அதன்மேல் நம்பிக்கை குறைவு. ஒரே மீனை இரண்டு ஆய்வகங்கள் இரண்டு விதமாகப் படிக்கும். ஐரோப்பிய விலாங்கு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது என்று 2001இல் இந்தக் கருவியை வைத்துச் சொன்னார்கள். பல ஆண்டு மாதிரிகளோடு 2005இல் மறுபடி பார்த்தபோது, ஆண்டுக்கு ஆண்டு இருந்த வேறுபாடே பெரிதாக நின்றது.

எஸ்என்பி என்பது ஒற்றை எழுத்து மாற்றம். அதை ஆயிரக்கணக்கில் படிக்கலாம். பணமும் கணினி வேலையும் கேட்கும். இருந்தும் என் வாக்கு இதற்கே. கடல் மீனில் கூட்டங்களுக்கிடையே மரபணு வேறுபாடு பெரும்பாலும் சுழியை ஒட்டியே கிடக்கும். தலைமுறைக்குச் சில மீன்கள் கரை மாறினாலே வேறுபாடு கரைந்துவிடும். ஆனால் அந்தச் சில மீன்களால் வற்றிப்போன கடல் நிரம்பாது. ‘வேறுபாடு இல்லை, ஆகவே ஒரே கூட்டம்’ என்று முடிப்பவர்கள் வழுக்குவது இங்கேதான். சாளையின் தூரத்துச் சொந்தமான ஹெர்ரிங்கைப் பாருங்கள். உப்புக் குறைந்த பால்டிக் கடல் மீனும் அட்லாண்டிக் மீனும் மரபணுத் தொகுதியின் பெரும்பகுதியில் ஒன்றுபோலவே இருக்கின்றன. உவர்ப்பைத் தாங்குவதோடு தொடர்புள்ள சில இடங்களில் மட்டும் பளிச்சென்று பிரிகின்றன. அந்தச் சில இடங்கள் எஸ்என்பி வலையில்தான் சிக்கும். நெய்ச்சாளையின் முழு மரபணுத் தொகுதியைக் கொச்சியின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2023இல் வெளியிட்டுவிட்டதால் வேலை பாதி எளிது.

வழக்கு தீரும் முன்பே அவள் சந்தைக்குப் போய்விட்டாள். ஆல்கஹால் குப்பிகளோடு உட்கார்ந்து துடுப்பு நுனியைக் கத்தரித்தவளிடம், “செவுளைப் பார்த்து வாங்குவார்கள், நீ என்னம்மா வாலை நறுக்குகிறாய்?” என்று மீன்காரம்மா கேட்டாராம். “ராமேஸ்வரத்துச் சாளை” என்று அவர் சத்தியம் செய்த தெர்மோகோல் பெட்டியின் மூடியில் மலையாள எழுத்து. நாற்பது குப்பியும் வீண்.

இனம் உறுதி செய்ய மைட்டோகாண்ட்ரியா, மீதிப் பணம் முழுவதும் எஸ்என்பிக்கு என்று முடிவாயிற்று. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. படகு கரை தட்டும் நேரத்துக்குப் பாம்பனில் நிற்க அவள் நேற்றிரவே பஸ் ஏறிவிட்டாள்.