பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை: ஆய்வு மாணவர்களுக்கான சனிக்கிழமை வழிகாட்டல்

முருகன்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் அந்த வீடு. ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் சனிக்கிழமைதோறும் மதியம் 2 மணி முதல் 5 மணி வரை மாடியில் உட்கார்ந்து ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டுகிறார். இதயம், சர்க்கரை நோய், உடல் பருமன் இவற்றில் ஆய்வு செய்பவர்கள்தான் சேரலாம். வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் படி ஏறியவர்களுக்கு முதலிடம். ஒரு நேரத்தில் எட்டுப் பேர். கட்டணம் கிடையாது. பத்து மாதமாகப் போய் வருகிறேன்.

எனக்கு முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறார். ஊர்ப் பெண்களின் இடுப்புச் சுற்றளவும் சர்க்கரை அளவும்தான் என் ஆய்வு. முதல் நாள் என் கேள்விப்படிவத்தை மேடம் வாங்கிப் பார்த்தார். தொழில் என்ற இடத்தில் நாற்பது பேரில் பெரும்பாலோருக்கு ‘இல்லத்தரசி’ என்று நிரப்பியிருந்தேன். எங்கிருந்தோ எடுத்த படிவம், பீடிக்கு அதில் கட்டமே இல்லை.

“இவங்கள்லாம் வீட்டுல சும்மாவா இருக்காங்க?” என்றார்.

“பீடி சுத்துறாங்க மேடம்.”

“ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உக்காந்திருப்பாங்க?”

எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். “காலையில எட்டு மணிக்குத் தட்டை மடியில வச்சா சோத்துக்கு எந்திப்பேன், வேற எதுக்குட்டி எந்திக்க?” என்றார். இருபத்தாறு வருஷம் அந்த வீட்டில் இருந்தும் நான் கேட்காத கேள்வி அது. அடுத்த வாரம் படிவத்தில் உட்காரும் நேரம், புகையிலைத் தூளோடு இருக்கும் நேரம் என்று இரண்டு கட்டங்கள் கூடின.

மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிட நாம் எடுத்தாளும் பல அளவுகோல்களுக்கு அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 1948-ல் 5,209 பேரை வைத்துத் தொடங்கிய ஆய்வுதான் அடிப்படை. அவர்களின் வாழ்க்கையைக் கேட்டு எழுதினார்கள். நம் ஊர் வாழ்க்கையை நாம்தான் கேட்டு எழுத வேண்டும் என்பதை மேடம் ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு விதத்தில் சொல்லிவிடுவார். அம்மா ஒல்லி, ஆனால் சர்க்கரை உண்டு என்று நான் குழம்பியபோது, 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இந்திய மருத்துவர் யாஜ்னிக், பிரிட்டிஷ் மருத்துவர் யட்கின் இருவரும் தங்களையே ஒப்பிட்டு எழுதிய ஒரு பக்கத்தை நீட்டினார். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ.) ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். அந்தப் பக்கத்தை இன்னும் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

இனி டேப் விஷயம். இதற்காகவே அங்கே போகலாம். இடுப்பை அளந்து காட்டச் சொன்னார். தொப்புள் மட்டத்தில் சேலைக்கு மேலேயே சுற்றினேன். மேடம் என் விரலைப் பிடித்து என் விலாவின் கடைசி எலும்பைத் தொட வைத்தார், அப்புறம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பை. இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. “பாவாடை நாடாவை அவிழ்த்துத் தளர்த்தச் சொல்லு. ரெண்டு நிமிஷம் பொறு, அந்தப் பள்ளம் போகட்டும். மூச்சை இயல்பா விட்டு முடிக்கும்போது எண்ணைப் பாரு.” நாடாவை இறுக்கிக் கட்டியே பழகிய பெண்களுக்கு அளவு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மாறியது. நம் பெண்களுக்கு அபாயக் கோடு 80 சென்டிமீட்டர் எனும்போது அது சின்ன வித்தியாசம் இல்லை. நாற்பது பேரையும் திரும்ப அளந்தேன், மூன்று வாரம் பிடித்தது. எனக்கு ஒப்புக்கொடுத்த நேரம் வீணாகிவிட்டதே என்று ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை, அதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

நிதி விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை ஏழு முறை திருத்தினார். என்ன கண்டுபிடிக்கப் போகிறாய் என்பதைத் தமிழில் நாலு வரி எழுதச் சொல்லிவிட்டுத்தான் இங்கிலீஷுக்குப் போக விட்டார். இதய மருத்துவர் ஒருவரிடம் பேசி, ஒரு நாள் முழுக்க அவருடைய ஓ.பி.யில் என்னை உட்கார வைத்தார். எனக்கு அந்த மாதிரி ஒரு போன் போட்டுக்கொடுக்க வேறு யாரும் இல்லை.

குறைகளும் உண்டு. முதல் ஆளின் பேச்சே ஒரு மணி நேரம் இழுத்துவிடும், கடைசியில் இருப்பவருக்குக் கால்மணி நேரம் மிஞ்சினால் அதிகம். புள்ளியியலுக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது. எலி, செல் என்று லேபில் வேலை செய்பவர்களுக்கு இங்கே கிடைப்பது குறைவு. வெளியூர்ப் பெண்கள் ஐந்து மணிக்குக் கிளம்பி வீடு சேர இருட்டிவிடுகிறது, ஒரு மணிக்கே தொடங்கினால் நல்லது என்று மேடத்திடம் சொல்லியிருக்கிறேன்.

சேர நினைப்பவர்கள் உங்கள் கேள்விப்படிவத்தை ஒரு பிரதி எடுத்து வாருங்கள். தையல் டேப் வேண்டாம், நாளாக நாளாக அது இழுபட்டு நீண்டுவிடும். நீளாத டேப்பாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.