ஐந்தாம் பாகத்தில் பதினாறு பக்கம் காணோம்: சரித்திர நாவல் மறுபதிப்பு வாங்குவோர் கவனத்துக்கு

"ஐந்து பாகமும் கெட்டி அட்டை, மணியம் ஓவியங்களுடன், பழைய பதிப்பின் மறுபதிப்பு." வாட்ஸ்அப்பில் வந்த இந்த விளம்பரத்தை நம்பி பாளையங்கோட்டைக்கு வரவழைத்த 'பொன்னியின் செல்வன்' செட் ஒன்றைப் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதிய பதிவு இது. விலை 1,900 ரூபாய், கூரியர் தனி. பணம் முழுவதையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள்.

அட்டையில் குறையில்லை, உள்ளேதான் எல்லாம். ஐந்தாம் பாகத்தில் 208ஆம் பக்கத்துக்கு அடுத்து 225 வருகிறது. 225 முதல் 240 வரை இரண்டு தடவை இருக்கிறது. அதாவது ஒரு ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் 16 பக்கக் கற்றை) விட்டுப்போய், அடுத்த ஃபாரம் இரட்டையாகக் கோத்திருக்கிறது. கடைசி அத்தியாயம் இருக்கிறது, ஆனால் அதற்குப் பின் கல்கி எழுதிய முடிவுரை இல்லை. கதை முடிந்தபின் யார் என்ன ஆனார்கள் என்று வாசகர்களுக்கு அவர் பதில் சொல்லும் பகுதி அது. அதை வெட்டியவர்களுக்கு இந்த நாவலை வாசிக்கிறவர்களைத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓவியங்கள் பதினொன்று. இணையத்திலிருந்து எடுத்த சின்னப் படத்தை முழுப்பக்கத்துக்கு இழுத்திருக்கிறார்கள். குந்தவையின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து கிடக்கிறது. அச்சுக்குக் குறைந்தது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும், திரைக்கு என்று போட்ட படம் தாளில் தாங்காது. அதிலும் இரண்டு படங்களின் மூலையில் இருப்பது, கல்கி இதழில் தொடர் முதலில் வந்தபோது வரைந்த மணியத்தின் கையெழுத்தே இல்லை. தொடர் திரும்ப வெளிவந்தபோது வேறு ஓவியர்கள் வரைந்தவை அவை.

விற்றவரிடம் 209 முதல் 224 வரையிலான பக்கங்களைக் கேட்டதற்கு வந்த பதில்: "அச்சுப்பிழை இல்லாத புத்தகம் எங்க அண்ணாச்சி இருக்கு?" அதன் பிறகு அந்த எண் நம்மை பிளாக் செய்துவிட்டது. விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். இதே மாதிரி விளம்பரங்கள் பல பெயர்களில் வருவதால், பெயரைவிடப் புத்தகத்தைச் சோதிக்கத் தெரிந்திருப்பதுதான் உதவும்.

இப்படிப்பட்ட பதிப்புகள் எப்படி உருவாகின்றன என்று தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதில் சட்டப்படி தப்பில்லை. ஆகவே 'மறுபதிப்பு' என்ற சொல் எந்த உத்தரவாதமும் தராது. மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தி மெய்ப்புப் பார்த்த பதிப்பும் மறுபதிப்புதான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கோப்பை அப்படியே கொட்டி அச்சடித்ததும் மறுபதிப்புதான். ஆனால் எழுத்து பொதுவானது என்பதால் படங்களும் பொதுவாகிவிடாது, ஓவியரின் உரிமை தனி. மலிவுப் பதிப்புகளில் படமே இல்லாமலோ, இப்படித் திருட்டுப் படமாகவோ இருப்பதற்கு இது ஒரு காரணம்.

சாண்டில்யன் நாவல்களின் நிலை வேறு. அவர் மறைந்தது 1987இல். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு என்ற கணக்கில் 2047 முடியும்வரை உரிமை இருக்கிறது. பதிப்பகத்தின் பெயரோ பதிப்பு ஆண்டோ இல்லாமல், பாதி விலைக்குக் கிடைக்கும் அவருடைய மூன்று பாக செட் ஸ்கேன் நகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நகலில் எழுத்தின் ஓரம் மங்கி, நடுமடிப்புப் பக்கம் வரிகள் லேசாக வளைந்திருக்கும்.

எழுத்துப் பிழைகளில் இரண்டு வகை உண்டு, இரண்டும் இந்த செட்டில் இருக்கின்றன. ஒன்று, பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து கணினியையே படிக்க விட்டதால் வருவது. துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொள்ளும். 'வந்தான்' என்பது 'வந்தரன்' ஆகும். இன்னொன்று, பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது வருவது. 'கேட்டான்' என்ற சொல்லில் கொம்பு எழுத்தைவிட்டு விலகி முன்னால் நிற்கும், கூடவே ஒரு புள்ளி வட்டமும் அச்சாகியிருக்கும். ஒரு பக்கத்தில் அந்தப் புள்ளி வட்டத்தைக் கண்டால் போதும், மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்குப் போன புத்தகம் என்று முடிவு கட்டிவிடலாம். கையில் எடுத்ததும் உரையாடல் நிறைந்த பக்கமாகப் புரட்டுங்கள். கேட்டான், போனான், தேவன் என்று கொம்பு வைத்த சொற்கள் அங்கேதான் அதிகம்.

அத்தியாயக் கணக்கு: முதல் பாகம் 57, இரண்டு 53, மூன்றும் நான்கும் தலா 46, ஐந்தாம் பாகம் 91, மொத்தம் 293. 'ஆடித்திருநாள்' என்று தொடங்கி 'மலர் உதிர்ந்தது!' என்று முடிய வேண்டும், அப்புறம் முடிவுரை. 'சுருக்கம்' என்று எங்கும் போடாமலே சுருக்கிய பதிப்புகள் இந்தக் கணக்கில்தான் மாட்டும்.

ஃபாரம் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. புத்தகம் பெரும்பாலும் 16 பக்க ஃபாரமாக அச்சாகி, மடித்து, அடுக்கிக் கோக்கப்படும். கோளாறு நடப்பது அந்த எல்லைகளில்: 16–17, 32–33, 48–49 என்று பதினாறு பதினாறாகப் போங்கள். முன்பக்கங்களைத் தனியாக எண்ணியிருந்தால் கணக்குச் சற்றுத் தள்ளும். முதல் எல்லையைக் கண்டுபிடித்துவிட்டால் மீதியும் அதே இடைவெளியில் வரும்.

பைண்டிங்கை முதுகின் மேல்விளிம்பில் பாருங்கள். தாள்கள் கற்றை கற்றையாக மடிந்து தெரிந்தால் தையல் பைண்டிங். நேராக வெட்டிய தாள்மேல் பசை தெரிந்தால் பெர்ஃபெக்ட் பைண்டிங். 250 பக்கப் புத்தகத்துக்குப் பசை போதும், 900 பக்கத்துக்குப் போதாது. ஐந்து பாகத்தையும் ஒரே புத்தகமாகப் பசையில் ஒட்டியதை வாங்கினால் நெல்லையின் இரண்டு கோடைக்குள் நடுவில் பிளந்துவிடும். தாள் 60 அல்லது 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ என்ற வெள்ளைத்தாளாக இருந்தால் நல்லது. மறுபக்க எழுத்து தெரிகிற மட்டித்தாள் சீக்கிரம் பழுத்து, மடித்த இடத்தில் ஒடியும்.

பழைய பதிப்பு தேடுகிறவர்கள் இன்னும் பெரிய தொகையை இழக்கிறார்கள். 'ஐம்பதுகளின் முதல் பதிப்பு' என்று சொன்னால் எழுத்தைப் பாருங்கள். அரசின் எழுத்துச் சீர்திருத்தம் 1978இல் வந்தது. அதற்கு முந்தைய நாவல்களில் லை, னை, ணை, ளை நான்கும் யானைத் தும்பிக்கை போல் வளைந்த கொம்போடும், ணா, றா, னா மூன்றும் ஒட்டிய சுழியோடும் இருக்கும். இன்றைய வடிவத்தில் இருந்தால் அது ஐம்பதுகளின் புத்தகம் இல்லை. நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில், அதற்கு முன் விலை ரூபாய், அணாவில்தான் இருக்கும். பதிப்பக முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தையது. இந்த மூன்றையும் விளம்பரப் படத்திலேயே பார்த்துவிடலாம்.

கல்கி இதழிலிருந்து கிழித்துக் கட்டிய தொடர்கதை பைண்டிங் என்றால் கண்டிப்பாக நேரில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அந்தக் கால அச்சு ஈய எழுத்தில் அழுத்தியது. தாளின் பின்பக்கம் விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். ஜெராக்ஸில் தட்டுப்படாது, வெளிச்சத்தில் சாய்த்தால் மை பளபளக்கும். உண்மையான இதழ்த்தாளில் பின் குத்திய இரண்டு துளையும், சுற்றிலும் துருக்கறையும் உண்டு. தொடர் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வாராவாரம் வந்தது. இடையில் வாரம் விட்டிருக்கிறதா என்று அத்தியாய எண்ணை வைத்துப் பாருங்கள். பைண்டர் ஓரத்தை வெட்டும்போது கடைசி வரியையும் சேர்த்து வெட்டியிருக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். ராமபாணப் பூச்சி துளைத்த பைண்டிங்கை மற்ற புத்தகங்களோடு வைக்கக் கூடாது.

பொருநை நெல்லை புத்தகத் திருவிழா நடக்கும்வரை பொறுக்க முடிந்தால் பொறுத்து, கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது நல்லது. முடியாதென்றால் விற்பவருக்கு இப்படி எழுதுங்கள்: "அண்ணாச்சி, பதிப்பு விவரம் உள்ள பக்கம், ஐந்தாம் பாகத்தின் பொருளடக்கம், முடிவுரையின் முதல் பக்கம், ஏதாவது ஒரு ஓவியம், முதுகின் மேல்விளிம்பு, இந்த ஐந்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க." புத்தகம் கையில் இருப்பவருக்கு இரண்டு நிமிடம் ஆகும். அட்டைப் படத்தையே திரும்பத் திரும்ப அனுப்பினால் பணம் போட வேண்டாம்.

பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரியும்படி நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். குறை இருந்தால் பக்க எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். நல்ல பதிப்பகம் ஃபாரம் மாறிய பிரதியை மாற்றித் தந்துவிடும். தராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு புத்தகமே அனுப்பாதவர் என்றால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் பேசுங்கள். நாள் தள்ளினால் பணம் வேறு கணக்குக்கு மாறிவிடும்.

பணம் திரும்பாமல் புத்தகம் மட்டும் வீட்டில் தங்கிவிட்டால், விட்டுப்போன பக்கங்களை நூலகப் பிரதியிலிருந்து நகலெடுத்து அந்த இடத்தில் செருகி வையுங்கள். முதல் தாளின் மூலையில் '209–224 இல்லை, முடிவுரை இல்லை' என்று பென்சிலில் எழுதிவிடுங்கள். நாளைக்கு அது பழைய பேப்பர் கடைக்குப் போனாலும் எடுத்துப் பார்க்கிறவருக்கு உடனே தெரியும்.