"காய்ஞ்ச சரக்கு" என்று தலையில் கட்டும் ஈர நிலக்கடலைப் பருப்பு: காசு கொடுக்குமுன் பாருங்கள்

நிலக்கடலைப் பருப்பு வாங்கி இருப்பு வைக்கிற செக்குக்காரர்களும் விதைக்கு வாங்குகிற விவசாயிகளும் திரும்பத் திரும்ப ஏமாறுவது ஒரே இடத்தில்தான். உடைப்பு மிஷினில் போடுமுன் காயின்மேல் தெளிக்கும் தண்ணீர்.

நன்றாகக் காய்ந்த காயை அப்படியே உடைத்தால் பருப்பு இரண்டாகப் பிளந்து விலை இறங்கும். அதனால் ராத்திரியே நனைத்துத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்து, காலையில் உடைக்கிறார்கள். பருப்பு முழுசாக வரும், எடையும் கூடும். அதற்குப்பின் பருப்பைத் திரும்பக் காயவைக்க வேண்டும். அந்த வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். மூட்டையின் வாய்ப்பக்கம் மட்டும் வெயில் பட்ட பருப்பு, அடியில் ஈரப் பருப்பு. ஈரப்பதமானியையும் வாய்ப்பக்கத்துப் பருப்பில்தான் வைத்துக் காட்டுவார்கள்.

இருப்புக்குப் பருப்பின் ஈரம் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 10 சதவீதத்தில் 80 கிலோ மூட்டை வாங்கினால், காய்ந்து முடிக்கையில் இரண்டரைக் கிலோ குறையும். அவ்வளவும் பருப்பு விலைக்கு வாங்கிய தண்ணீர். எடை நஷ்டத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூட்டை நடுவில் சூடேறி, பருப்பின் முளைப்பக்கத்தில் மஞ்சள் கலந்த பச்சைத் தூள் பூத்தால் அது பெரும்பாலும் அஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூசணம். அது விடும் நஞ்சு அப்ளடாக்சின், கல்லீரலைக் கெடுப்பது. பதப்படுத்தப் போகும் கடலைக்கு இந்திய வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். ஒரு டன்னுக்கு வெறும் 15 மில்லிகிராம். தூளைத் துடைத்தாலும் வறுத்தாலும் நஞ்சு முழுசாகப் போகாது.

வாங்கும்போது குத்தூசியை மூட்டையின் நடுவுக்கும் அடிக்கும் செலுத்திப் பருப்பை எடுத்துப் பாருங்கள், பல மூட்டைகளில். நஞ்சு சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும், ஒரு கைப்பிடி பார்த்தால் எதுவும் தெரியாது. விரலால் அழுத்தினால் காய்ந்த பருப்பு படக்கென்று பிளக்கும். ஈரப் பருப்பு மெத்தென்று நசுங்கும். காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் பருப்பையும், தனியாக வறுத்து ஆறவைத்த தூள் உப்பையும் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் சரக்கை இறக்கவே விடாதீர்கள். ஒட்டவில்லை என்பதற்காக 7 சதவீதம் என்று நம்பிவிடவும் வேண்டாம், அதை ஈரப்பதமானிதான் சொல்ல வேண்டும். அந்த ஈர அளவைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் எழுதறதில்லீங்க" என்றால் அதுவே பதில்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் பூத்த மூட்டையை நல்லதோடு கலக்காதீர்கள். நிறம் மாறிய, சுருங்கிய பருப்பைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். "செக்குக்குப் போடு, பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகும்" என்பது மோசமான யோசனை. நஞ்சில் பெரும்பங்கு பிண்ணாக்கிலேயே தங்கும், செக்கு எண்ணெயிலும் கொஞ்சம் இறங்கும், மாடு தின்றால் பாலுக்கும் வரும். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்ததே பூசணம் பிடித்த பிரேசில் கடலைப் பிண்ணாக்கால்தான். பிண்ணாக்கில் சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரித் தீவன ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள், மாட்டுக்கு வைப்பதற்கு முன்.