மவுசர் 98-க்கு நான் செதுக்கிய வால்நட் கட்டை: பல வேட்டைப் பருவங்களுக்குப் பிறகு

என் வேட்டை ரைஃபிளில் இருப்பது மவுசர் 98 ஆக்ஷன், அதாவது தோட்டாவை ஏற்றிச் சுடும் எஃகு இயந்திரப் பகுதி. அதைத் தாங்கித் தோளில் சாயும் கட்டையை வால்நட் மரத்தில் நானே செதுக்கிப் பொருத்திப் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. அது மழையில் ஊறியிருக்கிறது, வெயிலில் காய்ந்திருக்கிறது, பாறையில் இடிபட்டிருக்கிறது. செதுக்கி முடித்த கையோடு எழுதிய அனுபவங்களை நிறையப் படித்திருக்கிறேன். படங்களும் கண்ணைப் பறிக்கும். ஆனால் மெருகு காயும் முன்னே ஒரு கட்டைக்கு மதிப்பெண் போட முடியாது. ஈரம் பலமுறை ஏறி இறங்கி, பின்னுதைப்பைத் திரும்பத் திரும்ப வாங்கிய பிறகுதான் அதன் தரம் தெரியும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்ட பாடு வீண்போகவில்லை. இந்த ரைஃபிளை இனி வேறு கட்டையில் மாட்டப்போவதில்லை. இத்தனை காலம் இது நம்பகமாக நின்றதற்குக் காரணம், ஆக்ஷனைக் கழற்றினால் மட்டுமே கண்ணில் படும் சில இடங்கள்தான். பின்னுதைப்பைத் தாங்கும் ரிகாயில் லக் என்ற எஃகுத் திண்டு சாயும் பின்சுவர், திருகுகள் இறங்கும் துளைகள், டாங் எனப்படும் ஆக்ஷனின் வால்பகுதிக்குப் பின்னே விட்ட மெல்லிய இடைவெளி. வெளியே தெரியும் அழகுக்குச் செலவழித்த நேரத்தைவிட இவற்றுக்குச் செலவழித்த நேரமே பலன் தந்தது.

மரத்திலிருந்து தொடங்குகிறேன். துப்பாக்கிக் கட்டைக்கு வால்நட்டை விரும்புவது வெறும் பழக்கத்தால் அல்ல. கன மீட்டருக்கு 600 கிலோவுக்குச் சற்று மேல்தான் எடை, அதிர்ச்சியைத் தாங்கும், உளிக்கு இணங்கும், நன்றாகக் காய்ந்துவிட்டால் அதிகம் முறுக்கிக்கொள்ளாது. எல்லாரும் முதலில் பார்ப்பது பின்பக்கத்து ரேகை அழகைத்தான். நான் பார்க்கச் சொல்வது கைப்பிடிக் கழுத்தை. கட்டையிலேயே மெலிந்த இடம் அது; பின்னுதைப்பு முழுக்க அதன் வழியாகத்தான் தோளுக்கு வருகிறது. அங்கே நார் ஓட்டம் கழுத்தின் வளைவோடு கூடவே நீளவாக்கில் போக வேண்டும். குறுக்கே சரிந்து வெளியேறினால், மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒருநாள் அந்தச் சரிவிலேயே பிளந்துவிடும். முன்கையிலும், அதாவது குழலுக்கு அடியில் நீளும் கட்டையின் முன்பகுதியிலும், நார் நேராக இருக்க வேண்டும். சுழி, அலை, புகைக்கோடு எல்லாம் பின்பக்கத்தோடு நின்றால் போதும்.

அடுத்தது மரத்தைக் காயவைப்பது. ஓர் அங்குலப் பருமனுக்கு ஓராண்டு நிழலில் காற்றாட வைக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. துப்பாக்கிக் கட்டைக்கான மரம் இரண்டு அங்குலத்துக்கு மேல் பருமன் கொண்டது என்பதால் பொறுமை வேண்டும். நான் நாட்கணக்கை நம்பவில்லை, தராசை நம்பினேன். மாதாமாதம் எடை போட்டுக் குறித்துக்கொண்டே வந்தேன். எடை இறங்குவது நின்ற பிறகுதான் உளி எடுத்தேன். ஈரமானி இருந்தால் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

வேலைக்கு உட்காரும் முன் துப்பாக்கியின் தோட்டா அறை காலியாக இருக்கிறது என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, அந்த அறையை மூடும் போல்ட்டைக் கழற்றி வேறிடத்தில் வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும். இதில் சலிப்பே கூடாது.

குடைவது எப்படி என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும். நான் அடிப்பக்கத்து உலோகத்தில், அதாவது தோட்டாப் பெட்டியும் விசைக் காப்பும் சேர்ந்த பகுதியில், தொடங்கினேன். அது நேராக உட்கார்ந்தால்தான் திருகுத் துளைகளை நேராகப் போட முடியும். துளைகள் நேரானால்தான் ஆக்ஷன் நேராக இறங்கும். தலையில்லாத நீளமான வழிகாட்டித் திருகுகளை ஆக்ஷனில் மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ஒரே தடத்தில் இறங்கும். உலோகத்தின் அடியில் விளக்குக்கரியும் எண்ணெயும் குழைத்த மையை மெல்லிசாகப் பூசி, மரத்தில் வைத்து அழுத்தி எடுத்தால் முட்டும் இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டும். அதை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி மை, மறுபடி அழுத்தம், மறுபடி சுரண்டல். தொடக்கத்தில் இரண்டு மூன்று இடங்களில் திட்டாகத் தெரியும் கறுப்பு, போகப்போகப் பரவிப் பள்ளம் முழுக்கப் புள்ளி தெளித்தாற்போல ஆகும். அப்போதுதான் உலோகமும் மரமும் முழுப்பரப்பில் தொடுகின்றன என்று பொருள். கடைசிக் கட்டத்தில் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சுரண்டும் தகடுகளைக் கையில் எடுப்பது நல்லது. உளி ஒரு சீவலாக எடுத்துவிடும். தகடு தூளாக எடுக்கும்.

ரிகாயில் லக் என்பது மவுசர் ஆக்ஷனின் முன்வளையத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய எஃகுத் திண்டு. சுடும்போது ஆக்ஷன் பின்னால் பாய்வதை மரத்தில் தடுத்து நிறுத்துவது அதுதான். அதன் பின்முகம் மட்டும் மரத்தில் முழுமையாகப் பதிய வேண்டும். முன்புறம், இரு பக்கங்கள், அடி ஆகிய எல்லாம் விலகி நிற்க வேண்டும். அடியில் முட்டினால் ஆக்ஷன் தன் படுகையில் முழுதாக உட்காராமல் ஏற்றம் இறக்கமாக ஆடும். பின்முகத்தில் ஒரு மூலை மட்டும் பட்டால், ஒவ்வொரு குண்டுக்கும் ஆக்ஷன் கொஞ்சம் திரும்பும். குண்டுகள் சிதறுவதற்கு ஆயிரம் காரணம் தேடுவோம், விஷயம் இங்கே இருக்கும். நான் மரத்தில் முடிந்தவரை துல்லியமாகக் குடைந்துவிட்டு, லக்கின் முன்னும் பக்கங்களிலும் அடியிலும் நாடா ஒட்டி, உலோகம் முழுக்க மெழுகு தடவி, எப்பாக்ஸி என்ற இறுகும் பிசினால் படுகை போட்டேன். எப்பாக்ஸி இறுகியதும் நாடாவை உரித்தால் வேண்டிய இடைவெளி தானாகக் கிடைக்கும். மெழுகு ஒரு துளி இடத்தில் விட்டுப்போனாலும் ஆக்ஷன் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் திருகுத் துளைகளையும் பொந்துகளையும் களிமண்ணால் அடைத்துவிடுவது கட்டாயம். சுத்தமான மரக்குடைவே போதும், எப்பாக்ஸி எதற்கு என்பவர்களின் கைத்திறன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஈரத்தில் வீங்காத ஒரு படுகை கிடைக்கும்போது அதை வேண்டாம் என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

டாங் பற்றிப் பலர் பேசுவதில்லை. ஆக்ஷனின் வால்முனை மரத்தில் நெருக்கமாக முட்டிக்கொண்டிருந்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் லக்கின் படுகை கொஞ்சம் அமுங்கிய உடனே பின்னுதைப்பு அந்த முனைக்கு மாறிவிடும். ஆப்பு வைத்து அடித்ததுபோல் கழுத்தைப் பிளக்கும். பழைய ரைஃபிள்களில் டாங்கின் பின்னாலிருந்து கிளம்பும் விரிசலைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தடித்த தாள் அளவு இடைவெளி விட்டால் போதும். என் கட்டையில் அந்த இடைவெளி இன்றும் அப்படியே இருக்கிறது. லக் பின்வாங்கவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. கழற்றும்போதெல்லாம் ஒரு தாள் துண்டை நுழைத்துப் பார்ப்பேன்.

திருகுகளுக்கு வருவோம். மரம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும். நசுங்கினால் திருகு தளரும். இறுக்கினால் இன்னும் நசுங்கும். மவுசர் ராணுவக் கட்டைகளில் பின்திருகைச் சுற்றி ஓர் எஃகுக் குழாய் வைத்திருந்தது இதற்காகத்தான். அந்த யோசனையையே நீட்டி, முன்திருகுக்கும் அலுமினியக் குழாய் வைத்தேன். உலோகம் உலோகத்தில் இறுகுவதால் பருவத் தொடக்கத்தில் முறுக்குமானி வைத்துப் பார்க்கும்போது திருகுகள் போன தடவை விட்ட இடத்திலேயே நிற்கின்றன.

குழலுக்கும் முன்கைக்கும் இடையே இடைவெளியைத் தாராளமாகவே விட்டேன். ஒரு தாள் நுழைந்தால் போதும் என்பது செயற்கைக் கட்டைக்குப் பொருந்தும். மரம் நீளவாக்கில் அநேகமாக நகராது. அகலவாக்கில் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் விரிந்தால் முன்கை குழலைத் தள்ளத் தொடங்கும், குண்டு விழும் இடம் மாறும். மழைக்காலத்திலும் கோடையிலும் ஒரே தோட்டாவை வைத்து 100 மீட்டரில் சுட்டுப் பார்த்திருக்கிறேன். கண்ணில் படும்படி எதுவும் நகரவில்லை. ஒரு மரக்கட்டையிடம் நான் எதிர்பார்த்த முதல் விஷயம் இதுதான்.

உடலுக்குப் பொருந்துவது இன்னொரு பாதி. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள நீளம், தொழிற்சாலைக் கட்டைகளில் பெரும்பாலும் 13.5 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். எனக்குக் கை நீளம் என்பதால் கூட்டிக்கொண்டேன். குளிர்காலத்துத் தடித்த உடையோடு வேட்டைக்குப் போகிறவர்கள் அந்த உடையைப் போட்டுக்கொண்டே அளவெடுப்பது நல்லது. கன்னம் பதியும் மேல்விளிம்பு இன்னும் முக்கியம். குழல்மேல் இருக்கும் குறிமுள்ளுக்காகச் செய்த பழைய கட்டைகளில் அது மிகவும் தாழ்ந்திருக்கும். ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, மாட்டினால் கழுத்தைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். நான் அதை உயர்த்தி, முன்பக்கம் சற்றே சரிவாக இழைத்தேன். பின்னுதைப்பில் கட்டை பின்னால் வரும்போது அந்தச் சரிவு கன்னத்தை விட்டு விலகிப் போகிறது. அதே தோட்டாதான், ஆனால் முன்பிருந்த தாழ்ந்த கட்டையில் கன்ன எலும்பில் விழுந்த குத்து இதில் இல்லை. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வெறும் துப்பாக்கியைக் கண்ணை மூடித் தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதித்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். தலையை அசைக்காமலே ஸ்கோப்பின் முழு வட்டமும் தெரிந்தால் இழைப்பதை நிறுத்திவிடலாம்.

மெருகுக்கு எண்ணெய். ஈரத்துணியால் துடைத்து நாரை எழுப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, நார் எழாமல் போகும்வரை திரும்பச் செய்தேன். பிறகு மெல்லிய பூச்சுகள். ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. எண்ணெய் மெருகு ஈரத்தை முழுமையாகத் தடுக்காது என்பது உண்மை. பாலியூரிதேன் என்ற செயற்கைப் பூச்சு இதில் தெளிவாகவே மேல். ஆனால் அதில் கீறல் விழுந்தால் முழுப்பரப்பையும் சுரண்ட வேண்டியிருக்கும். எண்ணெயில் கீறிய இடத்தை மட்டும் தேய்த்துவிட்டுப் போகலாம். நான் வெளியே எண்ணெயும், கண்ணுக்குத் தெரியாத குழல் பள்ளம், தோட்டாப் பெட்டிப் பொந்து, பின்முனை ரப்பர் அட்டைக்கு அடியிலுள்ள வெட்டுமுகம் ஆகியவற்றில் கனமான அடைப்புப் பூச்சும் போட்டேன். வெட்டுமுகம்தான் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும் இடம். பலரும் அதை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள். தேய்க்கும்போது முகமூடியும் வேண்டும். வால்நட் தூள் பலருக்கு மூக்கையும் தோலையும் எரிக்கும்.

காலம் என்ன செய்திருக்கிறது? நிறம் மாறியிருக்கிறது. எண்ணெய் மஞ்சளேறி ஒரு வெதுவெதுப்பைக் கொடுத்திருக்கிறது. பாறையில் பட்ட பள்ளங்களை ஈரத்துணி வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒற்றி எழுப்பினேன். நசுங்கிய நார் நீராவியில் எழுந்துவிடும், அறுந்த நார் எழாது. அப்படி அறுந்த ஒரு வடு முன்கையில் நிற்கிறது. பின்முனை ரப்பர் கெட்டியாகிப் பொடியத் தொடங்கியதால் மாற்றினேன். பிடியில் வெட்டிய வைரக்கட்டங்கள் அங்குலத்துக்கு 20 கோடு. இன்னும் கூர்மையாகவே இருக்கின்றன, ஆனால் வியர்வையும் எண்ணெயும் அடைந்துகொள்ளும். மென்மையான பல்துலக்கியால் சுத்தம் செய்கிறேன். இன்னும் நெருக்கமான கோடுகள் பார்வைக்கு அழகு, காட்டில் சீக்கிரம் மழுங்கும்.

ஃபைபர்கிளாஸ் கட்டை இதைவிட இலேசானது, கவனிப்பும் கேட்காது. ஓயாத மழையில் வேட்டையாடுபவர் அதையே வாங்கட்டும். மரத்தின் தோற்றமும் வேண்டும் என்றால், மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த அடுக்குப் பலகை நல்ல நடுவழி. ஜெர்மானியர்கள் 1930-களின் இறுதியிலேயே ராணுவ மவுசருக்கு அடுக்குப் பீச் மரத்துக்கு மாறத் தொடங்கியவர்கள். ஆனால் விடியற்குளிரில் கையை உறைய வைக்காத, கிளையில் உரசினால் வெற்றுச் சத்தம் எழுப்பாத, என் உடலின் அளவுக்கே செய்த கட்டையை நான் விடமாட்டேன்.

அடுத்ததாக .375 மாதிரி கனமான தோட்டாவுக்கு ஒன்று செதுக்கும் எண்ணம் இருக்கிறது. அதில் லக்கின் பின்னால், கட்டையின் குறுக்கே போகும் எஃகு ஆணியான குறுக்கு போல்ட் ஒன்றை எப்பாக்ஸியோடு சேர்த்துப் பதிப்பேன். மவுசரின் ராணுவக் கட்டையிலேயே அது இருந்தது. அந்த அளவு பின்னுதைப்பை வெறும் மரச்சுவரிடம் விட எனக்கு மனமில்லை. மரம் இப்போது காய்ந்துகொண்டிருக்கிறது, எடை இன்னும் நிலைக்கு வரவில்லை.